என்ன பூச்சி

மஸ்கட்டுக்கு ஏன் போகவில்லை என்று இன்னும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெயில் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் நின்று வடகம் போடுகிறவள் சொல்கிற காரணமா இது என்று கேட்கிறவர் முகத்திலேயே எழுதியிருக்கும். இருக்கட்டும். அங்கே என் வீட்டுக்காரர் கைக்கு வந்த வேலையை வேண்டாம் என்று எழுதிப்போட்டதும், அதே வருஷம் இங்கே அவருக்கு இன்கிரிமென்ட் நின்றதும், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊருக்கு மாற்றிப் போட்டதும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஏன் என்பது மட்டும் தெரியாது. அவர் தானாகவே மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார் என்பதும் தெரியாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் மூட முயலவும் இல்லை. இதை எழுதி வைத்துவிட்டால் இனி கேட்கிறவர்களிடம் நீட்டிவிடலாம்.

என் வீட்டுக்காரர் பெயர் குமரகுருபரன். பொது மருத்துவம் பார்க்கிற டாக்டர், அரசாங்க உத்தியோகம். மாமனார் வைத்தியலிங்கம் பிள்ளைக்குச் சேரன்மகாதேவியில் ஒரு காலத்தில் ஆற்றுப்பாசன வயல் நிறைய இருந்ததாம். நான் கல்யாணமாகி வந்த எண்பத்தெட்டில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்புதான் மிச்சம். நிலம் போனாலும் நிலத்தோடு வந்த மிடுக்கு போகவில்லை. மகன் டாக்டர் என்பதை அவர் திருநீறு மாதிரி நெற்றியில் பூசிக்கொண்டு திரிந்தார். மகனும் குறை வைக்கவில்லை. தெற்கே சிவந்த மண் காட்டில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் முதல் மூன்று வருஷம். அந்த ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். பிறகு அரசாங்க டாக்டர்களுக்கான சர்வீஸ் கோட்டாவில் எம்.டி. படிப்பு. படித்து முடித்ததும் பாளையங்கோட்டையிலேயே பெரிய ஆஸ்பத்திரி. சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் நோயாளிகள். ஏணியில் ஒரு படிகூட வழுக்காமல் ஏறியவர் என்று உறவில் பேச்சு.

கைராசி டாக்டர் என்றும் பேச்சு. அதில் கைராசி ஒன்றும் இல்லை, பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அவர் பயந்து பயந்து வைத்தியம் பார்த்தார், அவ்வளவுதான். யார் வந்தாலும், வயிற்றுவலியோ முழங்கால் வலியோ, முதலில் கண் இமையைத் தூக்கிப் பார்ப்பார். டார்ச் அடித்து மேலே பார், கீழே பார் என்பார். ஒரு தடவை ஒரு பெரியவர் கையெல்லாம் தடித்துப்போய் வந்து, பூச்சி கடித்துவிட்டது என்றார். என்ன பூச்சி, தரையில் படுத்தீர்களா கட்டிலிலா, இருட்டிலா வெளிச்சத்திலா, கண்ணால் பார்த்தீர்களா, பேரைச் சொல்லுங்கள் என்று அரை மணி நேரம் துருவி, நாலு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து, அரை மணிக்கு ஒருமுறை வந்து இமையைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் அது மூட்டைப்பூச்சி. நான் அடுக்களையில் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. பெரியவர் மட்டும் ஊருக்குப் போய், டாக்டர் என்றால் இவரல்லவா டாக்டர் என்று நாலு பேரிடம் சொல்ல, அந்த நாலு பேரும் வந்தார்கள். கண்ணைப் பார்க்கிற டாக்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நாங்குநேரியில் ஒரு கல்யாணத்தில், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த என் பெரியப்பா ஒருவரின் இமையை இவர் விரலால் தூக்கிப் பார்த்தார். பெரியப்பா அலறி எழுந்ததில் மேளக்காரர்கள் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் அது வருஷக்கணக்காக ஓடிய வேடிக்கை. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். தூங்குகிற மனிதர் முகத்தில் இவர் என்ன பார்க்கிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

எங்கள் மகள் சுப்ரஜாவுக்கு ஆறு வயது ஆனபோது அது வீட்டுக்குள்ளும் வந்தது. தினமும் சாயங்காலம் அவளை முன்னால் நிறுத்தி, ஒரு விரலைக் காட்டி, எத்தனை என்று கேட்பார். ஒன்று என்பாள். இமையைப் பார்ப்பார். போ என்பார். ஆஸ்பத்திரியில் பார்த்தது போதாதா, வீட்டிலும் ஒரு ஓ.பி. நடத்தணுமா என்று நான் கேலி செய்வேன். அவர் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது வலது கை உள்ளங்கை தானாக மூடி மூடித் திறக்கும். அதையும் பார்த்திருக்கிறேன். நரம்புத் தளர்ச்சி என்றார். டாக்டரே சொன்னால் நம்பாமல் என்ன செய்வது.

தொண்ணூற்றெட்டு ஜூன் மாதம், சுப்ரஜாவுக்கு அப்போது ஒன்பது வயது. மஸ்கட் வேலைக்கு ஆர்டர் வந்து வீடு முழுக்க அந்தப் பேச்சாக இருந்தது. அன்று சாயங்காலம் வழக்கம்போல விரலைக் காட்டி எத்தனை என்றார். அவளுக்குக் குறும்பு. "ரெண்டு" என்றாள். இவர் முகம் வெளுத்தது. மறுபடி கேட்டார். "ரெண்டு அப்பா நிக்கீங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அதுவரை பிள்ளையை ஒரு கிள்ளு கிள்ளியதில்லை. அன்று கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. அடித்த கையோடு அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூட இல்லாமல், தெருவில் பெரிய ஆஸ்பத்திரியைப் பார்த்து ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். தெருமுனையில் வைத்துச் சட்டையைப் பிடித்து நிறுத்தி, பிள்ளை விளையாட்டுக்குச் சொன்னாள் என்று கத்த வேண்டியதாயிற்று. அவர் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். "வெளையாட்டுன்னுதான் அன்னைக்கும் நெனச்சேன்" என்றார். என்றைக்கு என்று கேட்டேன். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அந்தப் பதிலை நானே கண்டுபிடித்தேன், தேடாமலே. மஸ்கட்காரர்கள் அவருடைய வேலைக்காலம் முழுவதற்கும் நகல் கேட்டிருந்தார்கள். மறுவாரம் சனிக்கிழமை பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய ஃபைல்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அதில் தொண்ணூற்றொன்றில் நடந்த ஒரு விசாரணையின் நகல் இருந்தது. விசாரணை நடந்தது எனக்கு முன்பே தெரியும். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு பெண்குழந்தை பாம்பு கடித்துச் செத்துப்போனது, யாரோ மனுப் போட்டார்கள், மெட்ராசிலிருந்து ஓர் அதிகாரி வந்து விசாரித்து, இவர் மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அப்போது நான் இரண்டு வயதுக் குழந்தையோடு சேரன்மகாதேவியில் இருந்தேன். குழந்தை செத்த மறுநாள் இவர் வலது கை வீங்கிப்போய் வந்து நின்றார். மூச்சு நின்றுபோன பிள்ளைக்கு ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரி வரை கையால் ரப்பர் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாராம். அன்றைக்கு அவரைக் கட்டிக்கொண்டதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த ஃபைலில் அவர் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்த வாக்குமூலம் இருந்தது. குழந்தையின் பெயர் தேன்மொழி, வயது ஆறு. தாய் இசக்கித்தாய் காலையில் குழந்தையைக் கொண்டுவந்து, பூச்சி கடித்துவிட்டது, வயிறு வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள். பாம்பு என்று சொல்லவில்லை. கடித்த இடத்தில் வீக்கமும் இல்லை. எனவே அரிப்புக்கான ஊசி போட்டு அனுப்பிவைத்தேன். மத்தியானம் இமை தொங்கிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இதுவரை சரி. அடுத்த வரியைத்தான் நான் மூன்று தடவை வாசித்தேன். ‘நான் டவுன் பக்கத்தில் வளர்ந்தவன். கிராமத்து மக்கள் பாம்பைப் பூச்சி என்று சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை. தாய் உண்மையைச் சொல்லாமல் மறைத்ததே காரணம்.’

எனக்குத் தெரியாது என்று நான் எழுதியிருந்தால் அது நிஜம். என் அப்பா ரயில்வே. ஹூப்ளி, விழுப்புரம் என்று ரயில்வே குவார்ட்டர்சில் வளர்ந்தவள் நான், எனக்குப் பாம்பு என்றால் பாம்பு. கல்யாணமாகிப் பத்தாம் நாள் மாமனாரின் தென்னந்தோப்பில் மட்டைக்கடியில் ஒன்று நெளிந்ததைப் பார்த்துவிட்டு "பாம்பு, பாம்பு" என்று கத்தினேன். ஓடிவந்து என் வாயைப் பொத்தியவர் இந்த டாக்டர்தான். "பேரைச் சொல்லாத விஜி, பூச்சின்னு சொல்லு" என்றார். பேரைச் சொன்னால் தேடி வரும், கடித்த பிறகு சொன்னால் விஷம் தலைக்கேறும், இந்தப் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள் என்று எனக்குப் பாடம் நடத்தினார். பூச்சி என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் இன்னொரு அர்த்தம் உண்டு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆளே, தனக்கு அது தெரியாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை என் வீட்டு இலையிலேயே பார்த்தேன்.

மத்தியானம் அவர் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். அதுவே என் பொறுமைக்கு அதிகம். பிறகு காகிதத்தை முன்னால் வைத்து, இதில் எழுதியிருப்பது நிஜமா என்று கேட்டேன். எடுத்து வாசிக்கவில்லை. எந்த வரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"தெரியும்" என்றார். "அந்த அம்மா சொன்னதுமே தெரியும்."

பிறகு எல்லாம் சொன்னார், அவசரமில்லாமல், வேறு யாருடைய கேஸையோ சொல்லுகிற மாதிரி. அன்றைக்கு ஓ.பி.யில் இருநூறு பேர். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் வந்து பூச்சி என்றாள். காதில் விழுவதற்குள் கை ஊசி மருந்தின் பெயரை எழுதிவிட்டது. குழந்தை இவரையே பார்த்துவிட்டு, "அம்மா, ரெண்டு டாக்டர் இருக்காவ" என்றது. கட்டுவிரியன் கடித்தால் வயிறு வலிக்கும், கண்ணுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், கடித்த இடத்தில் ஒன்றும் தெரியாது, இதெல்லாம் மூன்றாம் வருஷமே படித்த பாடம். இவர் சிரித்து, ரெண்டு பேரும் சேர்ந்து உன்னைச் சரியாக்கிடுதோம் என்றாராம். குழந்தையும் சிரித்ததாம்.

"அந்த அம்மா வாசப்படி தாண்டுறதுக்குள்ள எனக்குத் தோணிட்டு, கூப்பிட்டு என்ன பூச்சின்னு கேப்பமான்னு. கூப்பிடலை. ஏன்னு கேக்காத விஜி. ஏழு வருசமா நானும் கேட்டுப் பாத்துட்டேன்."

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. கூப்பிடாமல் விட்டது தவறு, தவறு யாருக்கும் நேரும், டீச்சரான நானே பரீட்சைத் தாளில் தப்பாகக் கூட்டிப் போட்டு ஒரு பிள்ளையைப் பெயிலாக்கியிருக்கிறேன். ஆனால் அந்த வரி தவறில்லை. உட்கார்ந்து யோசித்து, நல்ல இங்கிலீஷில், பேனாவுக்கு மை நிரப்பி எழுதிய வரி அது. அந்த வரியின் மேல்தான் எம்.டி. படித்தார், அதன் மேல்தான் நாங்கள் வீடு கட்டினோம். தினமும் சாயங்காலம் என் பிள்ளையின் கண்ணுக்குள் அவர் தேடியது அந்தப் பிள்ளையைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. நான் குடியிருந்த வீட்டில் எங்களோடு இன்னொரு குழந்தையும் ஏழு வருஷமாக இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அந்தத் தாய் இப்போது எங்கே என்று கேட்டேன். ஊரில்தான் இருப்பாள், நன்றாகத்தான் இருப்பாள் என்றார். போய்ப் பார்த்தீர்களா என்றேன். இல்லை. அப்படியென்றால் நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே, போவோம் என்றேன். போய் நிஜத்தைச் சொல்லிவிட்டு வந்தால் மஸ்கட்டைப் பற்றிப் பேசலாம், இல்லையென்றால் நானும் பிள்ளையும் வரவில்லை. அவர் நெடுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார்.

சுப்ரஜாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நாங்குநேரி போய் அங்கிருந்து திசையன்விளை பஸ் பிடித்தோம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் உடைமரம், சிவப்புத் தேரி மண், நடுவே முருங்கைத் தோட்டம். அவர் வலது கை மடியில் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. அது நரம்புத் தளர்ச்சி இல்லை, இன்னும் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு இப்போது தெரியும். பார்க்கச் சகிக்காமல் வெளியே திரும்பிக்கொண்டேன்.

ஊரில் இறங்கி டீக்கடையில் இசக்கித்தாய் வீடு எது என்று கேட்டேன். எந்த இசக்கித்தாய் என்று கடைக்காரர் யோசித்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்றேன். "ஊமைச்சியா?" என்றவர், என் பின்னால் நின்றவரைப் பார்த்ததும் கையிலிருந்த டபராவைக் கீழே வைத்தார். பூதத்தான் என்று தன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார். அன்றைக்கு ஆம்புலன்சுக்குப் பின்னால் சைக்கிளில் ரோடு வரை போனவர்களில் அவரும் ஒருவராம். டாக்டர் ஐயா அந்தப் பையை அமுக்கிக்கொண்டே போனதைக் கண்ணால் பார்த்தேன் என்று கடையில் இருந்த எல்லாருக்கும் சொன்னார். எங்களிடம் காசு வாங்க மாட்டேன் என்றார்.

இசக்கித்தாய் ஊமையா என்று கேட்டேன். ஊமை இல்லை, வாய் நன்றாகப் பேசுவாள், பேச வேண்டிய நேரத்தில் பேசாததால் வந்த பெயர் என்று விளக்கினார். மெட்ராஸ் ஆபீசரே ஊர் நடுவில் நின்று, தாய் மறைத்ததால்தான் பிள்ளை போயிற்று என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்த மாசமே புருஷன் வன்னியராஜ் அவளை அனுப்பிவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டான். இப்போது தம்பி வீட்டுப் பின்னால் ஓலை இறக்கிய ஒரு சாய்ப்பில் இருக்கிறாள். பிள்ளைகளை அவள் பக்கம் யாரும் விடுவதில்லை. இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நன்றாகத்தான் இருப்பாள் என்று நேற்று சொன்ன வாய், இன்று ஈரமே இல்லாமல் ஒட்டிக்கிடந்தது.

ஓலைச் சாய்ப்பின் நிழலில் உட்கார்ந்து அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும். முப்பது வயதிருக்கும், ஐம்பது என்றால் நம்புவேன். இவரைப் பார்த்ததும் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். முந்தானையால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். எம் பிள்ளைக்கு மூச்சுக் குடுத்த சாமி என்று இவர் காலைத் தொடக் குனிந்தாள். இவர் பதறிப் பின்னால் நகர்ந்து சுவரில் மோதிக்கொண்டார்.

சொல்லுங்கள் என்று நான்தான் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்காராமல் மண்ணில் உட்கார்ந்து சொன்னார். பூச்சி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், நான் பிறந்த வீட்டிலும் அப்படித்தான் சொல்லுவார்கள், திரும்பக் கூப்பிட்டுக் கேட்க நினைத்தும் கேட்கவில்லை, பிறகு உத்தியோகம் போய்விடும் என்று பயந்து உன் மேல் எழுதிவிட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன், எதையும் பூசி மெழுகவில்லை.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அழுவாள், கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் காத்திருந்தேன். எதுவும் செய்யவில்லை.

"தேனு ரெண்டு டாக்டர்னு சொன்னாளே. அது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுதும்மா."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மடியில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? அங்கன வந்து சொல்லுங்க."

எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. அவள் முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால் போனோம். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியை யாரோ பெயர் சொல்லி வீட்டுக்குள் கூப்பிட்டார்கள். இசக்கித்தாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, பழகிப்போயிருக்கும். புருஷன் வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றாள். ஏழு வருஷத்தில் அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை என்று, கதவைத் திறந்த மாமியார் ஆறுமுகத்தாயின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஆனால் டாக்டரைப் பார்த்ததும் கிழவியின் கோபம் வாயிலேயே நின்றுவிட்டது. வன்னியராஜ் உள்ளேயிருந்து வந்தான். தோட்டத்துக்குப் போகாத ஆண்கள், டீக்கடைப் பூதத்தான், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று முப்பது பேராவது கூடிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் வெயிலில் நின்று, சாய்ப்பில் சொன்னதை மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்த அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை, குற்றம் என்னுடையது, நான் பொய் எழுதினேன் என்றார்.

பூதத்தான்தான் முதலில் பேசினார். டாக்டர் ஐயா மனசு யாருக்கு வரும், ஒரு பாவப்பட்ட பொம்பளைக்காகப் பழியைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளுகிறாரே என்றார். ஆமாம் ஆமாம் என்று நாலு பக்கமும் தலைகள் ஆடின. பெரிய வீட்டுப் பிள்ளை, டாக்டருக்குப் படித்தவர், அவருக்கு நம் பேச்சு எங்கே தெரியப்போகிறது என்றார் ஒருவர். வன்னியராஜ் கண்கலங்கி இவர் கையைப் பிடித்துக்கொண்டான். இந்தச் சண்டாளிக்காக நீங்கள் இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்று கேட்டான்.

இப்படி ஒரு தண்டனை உண்டு என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. சொன்ன பொய்யை ஊர் ஒரே நாளில் நம்பியது. நிஜத்தைச் சொன்னால் அதைப் பெருந்தன்மை என்கிறது. இவர் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல இவருக்கு மதிப்பு ஏறியது, இசக்கித்தாய்க்குக் குற்றம் ஏறியது. இவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்யமுடியும்? ஃபைலை எடுத்து வந்திருந்தாலும் அது இங்கிலீஷில் இருக்கிறது. இசக்கித்தாய் எல்லாவற்றையும் எதிர்பார்த்தவள் போலத் தரையைப் பார்த்து நின்றாள்.

கிழவி ஒருத்திதான் தலையாட்டவில்லை. படியிறங்கி வந்து இவர் முன்னால் நின்றாள். இவர் நெஞ்சு உயரம்கூட இல்லை.

"டாக்டரய்யா, எம் பேத்தியக் கடிச்சது என்னது?"

"பூச்சிம்மா" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து, சாய்ப்பிலும் சரி, இந்தத் தெருவிலும் சரி, அந்தப் பெயரை ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. பாம்பு என்று சொல்ல வாய் திறந்தார். உதடு சேர்ந்தது, சத்தம் வரவில்லை. அங்கே நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லாமல் வளர்ந்தவர்கள் அவர்கள். வராத சொல் எப்படி வராது என்று அவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. வன்னியராஜ் பிடித்திருந்த கையை விட்டுவிட்டான். பூதத்தான் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆறுமுகத்தாய் திரும்பி மருமகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏட்டி இசக்கி, அப்பம் நீ சொல்லித்தான் இருந்திருக்கே. நான் ஒன்னைய எம் பேத்தியக் கொன்னவள்னு நெனச்சிட்டனேட்டி."

இசக்கித்தாய் நிமிர்ந்தாள். சாய்ப்பில் வராத அழுகை இப்போது வந்தது.

"நானும் அப்படித்தான அத்த நெனச்சிட்டு இருந்தேன்."

என் வீட்டுக்காரர் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கிவிட ஒருவரும் வரவில்லை, நானும் போகவில்லை.